என் எடைக்கு எடை உப்பு

1997 ஜூலையில் எனக்குத் தலைவலி தொடங்கியது. தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை, அதனால்தான் என்று நினைத்தேன். ஒரு நாள் சேலையை விரித்துக் காட்டும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. மயிலாப்பூர் டாக்டரம்மா, இரத்த அழுத்தம் எக்கச்சக்கம் என்றார். எனக்கோ இருபத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு.

"இந்த வயசுல சும்மா வராதும்மா. பிறக்கும்போது எடை எவ்வளவு?" என்று கேட்டார். கூட வந்த அம்மா முந்திக்கொண்டு, "கொழுகொழுன்னுதான் பொறந்தா டாக்டர்" என்றாள்.

மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லை. சாந்தோமில் எங்கள் குப்பத்திலேயே கிட்னி போய்ச் செத்தவரைப் பார்த்திருக்கிறேன். என் மகள் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பயந்துபோனேன். பெசன்ட் நகர் மாதா கோயிலில் அம்மாவின் பக்கத்தில் முட்டி போட்டு, "தாயே, எதனால் என்றாவது காட்டு" என்று அழுதேன். சண்டை போட்டேன் என்றே சொல்லலாம்.

எழுந்ததும், என் எடைக்கு எடை உப்பு தருவதாக நேர்ந்துகொண்டதை அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"நீ பொறந்தப்பவே நான் அத்த குட்த்துட்டேன்டி. மீன் தராசுல உன்ன ஒரு தட்டுல, உப்ப ஒரு தட்டுல வெச்சோம். ஒன்ற கிலோதான் இருந்த."

"டாக்டராண்ட வேற மாதிரி சொன்னியேம்மா?"

"எலிக்குஞ்சு மாறி கீதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நாளைக்கு உன்ன யாரு கட்டுவான்னு பயந்து, கொழுகொழுன்னு சொல்லியே பழகிட்டேன்."

மறுநாளே டாக்டரம்மாவிடம் சொன்னோம். அவர் திட்டவில்லை. எடை குறைவாகப் பிறக்கிற சிலருக்குச் சிறுநீரகத்தில் வடிகட்டிகள் குறைவாக அமைந்துவிடும், இருப்பவை கூடுதலாக உழைத்துக் களைத்துப்போகும், அழுத்தமும் ஏறும் என்றார். சோதித்ததில் சிறுநீரில் புரதம் போவது தெரிந்தது. "இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்று மாத்திரையை மாற்றினார். உப்பைக் குறைத்து, கருவாட்டை நிறுத்தச் சொன்னார். கருவாடு இல்லாமல் சோறா என்று மலைத்தேன். ஆனாலும் நிறுத்தினேன்.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, சிறுநீரகம் மேலும் கெடவில்லை. முழுக் குணம் என்று கோயிலில் நின்று பொய் சொல்ல மாட்டேன், மாத்திரை தினமும் உண்டு. நான் கேட்டது காரணம். மாதா அதை என் அம்மாவின் வாயிலிருந்தே வரவழைத்தாள்.

அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள். கோபமாக இருந்தாலும் கேளுங்கள். பதில், பக்கத்தில் முட்டி போட்டிருப்பவரிடமே இருக்கலாம்.

போன மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு என் நேர்ச்சையைச் செலுத்தினேன். நான் பிறந்தபோது அம்மா ஒரு கையில் கொண்டுபோன உப்பு, இந்த முறை தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அம்மா அழுதுகொண்டே பின்னால் நடந்து வந்தாள்.