தகவல் கொடுத்தவர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கதை கட்டும் அளவுக்கு எனக்கு மூளை கிடையாது. அதை என் வீட்டுக்காரரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். இது அவருடைய தங்கைக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, பட்டப்பகலில் நடந்தது.

நாத்தனாருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வரும் விண்ணப்பங்களில் எது பொய் என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டிலும் அதே புத்திதான். நான் தண்ணீர் கொடுத்தால்கூட ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

என் மாமியார் போன வருடம் தவறிப்போனார். அந்தத் துக்கத்தை ஆற்றிக்கொள்ளத்தான் அம்மா வழிக் குடும்ப வரலாற்றை எழுத உட்கார்ந்தாள். மாமியாரின் அண்ணனான பெரிய மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வழியில் பேரன் பேத்தி என்று இருப்பது இவளும் என் வீட்டுக்காரரும்தான். எழுதியதைத் தூரத்து உறவினரான ஓய்வுபெற்ற நூலகருக்கு அனுப்பினாள். அவர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். 'இணையத்தில் பார்த்தது' என்பதெல்லாம் ஆதாரம் ஆகாதாம். எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிவு, எந்தத் தேதியில் பார்த்தது, அந்தத் தகவலை யார் கொடுத்தது, எல்லாம் எழுத வேண்டுமாம்.

வாய்க்குள் திட்டிக்கொண்டே இறப்புப் பதிவுகளை மறுபடி திறந்தாள். 'தகவல் கொடுத்தவர்' என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். அதை யார்தான் படிப்பார்கள்?

தாத்தாவின் பதிவில் அவருடைய தம்பி பெயர் இருந்தது. உறவு: தம்பி. சரிதான்.

பாட்டியின் பதிவு. அதே பெயர். உறவு: கொழுந்தன்.

பெரிய மாமா. அதே பெயர். உறவு: சித்தப்பா.

நாத்தனார் மூன்று பதிவையும் மறுபடி படித்தாள். ஏனென்றால் அந்தச் சின்னத் தாத்தா இவர்கள் எல்லோருக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர். பத்தொன்பது வயதில், வெளியூரில், ஒற்றை அறையில். நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்களாம். அவருடைய பதிவையும் திறந்தாள். தகவல் கொடுத்தவர்... கட்டம் காலி.

முதலில் நூலகரைச் சந்தேகப்பட்டாள். பிறகு அண்ணன் விளையாடுகிறான் என்று எங்கள் வீட்டுக்கே வந்து சண்டை போட்டாள். என் வீட்டுக்காரருக்குக் கைப்பேசியில் அலாரம் வைக்கவே நான் வேண்டும். அவராவது, பதிவைத் திருத்துவதாவது.

எங்கள் மேசையிலேயே என் மாமியாரின் பதிவைத் திறந்தாள். அதைப் பதியப் போனது அவளேதான்.

அங்கேயும் அதே பெயர். உறவு: சித்தப்பா.

நேரே பதிவு அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார்.

"சரியாத்தானேம்மா இருக்கு? நீங்க அழுதுட்டே நின்னீங்க. கூட வந்த தம்பிதான் எல்லா விவரமும் சொன்னார். மீசைகூடச் சரியா முளைக்கல, அந்த அம்மாவுக்குச் சித்தப்பாங்கறார்."

அன்று அவள் தனியாகத்தான் போயிருந்தாள்.

"நல்லா ஞாபகம் இருக்கா சார்?"

"இல்லாம? இன்னிக்குக் காலைலகூட வந்தாரே."



"எதுக்கு?"

"பதியத்தான். இந்தத் தடவை தாத்தா முறையாம்." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டாக்டர் சீட்டு இல்லாம பதிய முடியாதுன்னேன். கிடைச்சதும் கொண்டு வரேன்னுட்டுப் போனார்."

வெளியே வந்தவள் அண்ணனைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். அவர் எடுத்தார். முடி வெட்டிக்கொண்டிருந்தாராம். ஒன்றும் இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அழுதாள். அவள் பயந்து அழுது நான் கேட்டதே இல்லை. அண்ணனிடம் சொல்லாதே அண்ணி என்றாள். நான் சொல்லவில்லை.

இரவு முழுக்க அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

காலையில்தான் தோன்றியது. பேரனுக்கா, பேத்திக்கா? அதை அவள் கேட்கவே இல்லை.

அவரா... அவளா...

அலுவலகம் திறந்ததும் நானே போன் செய்தேன்.

எழுத்தரிடம் அதைக் கேட்டேன்.

"அதைச் சொல்லலையேம்மா... ஆனா, ரெண்டு படிவம் கேட்டு வாங்கிட்டுப் போனார்."