மூன்றாம் கொடியில் ஒரு பூச்சி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு படுக்கை விரிப்பை மடித்தது. என் பக்கம் இரண்டு அங்குலம் கோணியது. “இன்ஜினியருக்குப் படிக்க வெச்சேன். மூலைக்கு மூலை சேக்கத் தெரியல,” என்றாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் மேற்பார்வையாளர். முப்பத்தொரு வருஷம் கறை தேடுவதே பிழைப்பு. வீட்டுக்கு வருபவர் முகத்தைப் பார்க்கும் முன் சட்டைக் காலரைப் பார்ப்பாள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்தியது அதனால்தான். அவளுக்கு அதில் வருத்தமில்லை.

போன வருஷம் ஒரு காலை, மூன்றாம் கொடியில் காய்ந்த விரிப்பில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். மெஷின்காரரைக் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்தாள். “இது துவைச்சதா, நனைச்சு எடுத்ததா?” அவர் நகத்தால் சுரண்டப் போனார். கறை நகர்ந்தது.

வெள்ளை இறக்கை அந்துப்பூச்சி. காற்று தள்ளினால் எப்போதாவது கடல் தாண்டி வரும் இனம். எங்கள் பக்கம் அதைப் பார்த்ததாகப் பதிவே இல்லை. அம்மா எடுத்த படத்தை ஊர்ப் பூச்சி ஆர்வலர் சங்கத்துக்கு அனுப்பினேன்; பார்த்ததும் சங்கச் செயலாளர் ஓடி வந்தார். மலைச்சரிவில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்து, இருபது வருஷம் அதற்காகக் காத்திருந்தவர். கிடைத்தது சளி மட்டும்.

சங்க இதழில் செய்தி வந்தது. கண்ட இடம்: மலைச்சரிவு.

அம்மா போன் செய்தாள். “ஆஸ்பத்திரிக் கொடின்னு போட்டா சிரிப்பாங்கம்மா. மலை பக்கத்துலதானே இருக்கு,” என்றார் செயலாளர்.

“பதினோரு கிலோமீட்டர் சார். அது என் கொடியிலதான் உக்காந்துச்சு. உங்க மலைக்கு வரல.”

“வந்திருக்கலாமே.”

“வந்திருந்தா நீங்க பாத்திருப்பீங்களே. அங்கயேதானே குடியிருக்கீங்க.”

திருத்த வேண்டுமென்றால் கண்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வரமாட்டாள் என்று நினைத்தார், அம்மாவைத் தெரியாதவர். என்னை அனுப்பிப் படிவம் வாங்கினாள். ‘ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், மூன்றாம் கொடி, கிழக்கு முனை’ என்று எழுதினாள். வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வேலையில் நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த புண்ணியம், கட்டில் நடை தூரத்தில் இருந்தது. அதற்கு மேல் டாக்டர்களால் எதுவும் முடியவில்லை. விரிப்பில் கறை இல்லை. பார்த்தேன்.

செயலாளருக்குச் சொன்னேன். “ரொம்ப வருத்தமா இருக்கு தம்பி. ஆனா கண்டவங்களே வரணும், விதி அது,” என்றார்.

படிவம் அவள் கைப்பையில் இருக்கிறது. எல்லாம் நிரப்பிவிட்டாள், கையெழுத்து மட்டும் இல்லை. அதை அவர் மேஜையில் வைத்து, அவர் கண்ணெதிரே போடுவதாக இருந்தாள்.