பூஜை நாளில் ஓடிய கோடு

ஹேமநாத் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிக்கு கம்ப்யூட்டர் பார்க்கிறவன் அவன்; நான் ஸ்டோர்ஸ். மேனேஜர் இருமினால்கூட எழுந்து நிற்பான்.

அப்பேர்ப்பட்டவன் லேபில் இருந்த குணசுந்தரிக்காக ஒரு காரியம் செய்தான். அவள் பழவேற்காட்டுக்காரி, அப்பாவும் அண்ணனும் ஏரியில் வலை போடுகிறவர்கள். எங்கள் கம்பெனி ஓடையில் விடும் தண்ணீர் அங்கேதான் போய்ச் சேருகிறது. அதைச் சோதிப்பதே அவள் வேலை. சோதனையில் வருவது ஒன்று, கம்பெனி வெளியே காட்டுவது வேறொன்று. வயிறெரிந்து, நிஜமான முடிவுகளைச் சென்னையில் ஒரு வக்கீலுக்கு அனுப்பத் துணிந்தாள். மாட்டினால் வேலை போய்விடும், இந்தப் பக்கத்தில் வேறு எங்கும் சேர்க்கவும் மாட்டார்கள்.

எங்கள் கம்ப்யூட்டர்களிலிருந்து வெளியே போவதைத் தலைமை ஆபீஸில் உட்கார்ந்து பார்ப்பார்கள். உள்ளே இருப்பது புரியாவிட்டாலும், எப்போது எவ்வளவு போகிறது என்பதை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாமாம். அதனால் லேப் கம்ப்யூட்டரில் ஒரு ப்ராக்ஸி புரோகிராமைப் போட்டான் ஹேமநாத். எதை அனுப்பினாலும் அது ஒரே அளவுத் துண்டுகளாக்கி, வேறொரு சர்வர் வழியாகச் சீராக அனுப்பிக்கொண்டே இருக்கும். அனுப்ப ஒன்றும் இல்லையென்றால் குப்பையை அனுப்பும். அவள் அனுப்பிய நாளும் அனுப்பாத நாளும் பார்க்கிறவனுக்கு ஒன்றுதான். ஆபீஸ் முழுக்கப் போய்வரும் நெரிசலில் அது யார் கண்ணிலும் படவில்லை. கெட்டிக்காரன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எல்லா கம்ப்யூட்டரையும் துடைத்து அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்தான். பூஜை முடிந்து திறக்கும்வரை யாரும் அவற்றைத் தொடக் கூடாது. லேப் கம்ப்யூட்டர் மட்டும் கிழடு; அணைத்தால் மறுபடி எழுந்திருக்காதோ என்று எல்லோருக்கும் பயம். திரையை மட்டும் அணைத்துவிட்டு, பயபக்தியோடு அதற்கும் பொட்டு வைத்தான். உள்ளே புரோகிராம் ஓடிக்கொண்டிருப்பது அந்த மடையனுக்கு உறைக்கவில்லை. கம்பெனியே அடங்கிக் கிடந்த அன்று, லேபிலிருந்து மட்டும் ஏதோ போய்க்கொண்டே இருப்பதாக ஒரு கோடு சீராக ஓடியதைத் தலைமை ஆபீஸ் தன் திரையில் பார்த்துவிட்டது.

பூஜை முடிந்து கம்பெனி திறந்ததும் குணசுந்தரியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலை போய், பையோடு அவள் வெளியே வந்தபோது வராந்தாவில் நானும் அவனும் நின்றிருந்தோம். அவன் மேனேஜர் அறைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். அவள் மறித்து நின்றாள்.

"நானே கத்துக்கினு போட்டேன்னு சொல்லிட்டேண்ணா. நீ வாயத் தொறக்காத. உனுக்குப் புள்ளைங்க கீறாங்க."

அவன் திறக்கவில்லை. அன்றைக்கு அவனை நான் திட்டாத திட்டு இல்லை. "என்னால முடியல, இன்னா பண்ணச் சொல்ற?" என்று உட்கார்ந்துவிட்டான்.

அவள் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. பெயரைக் கேட்டதும் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த வாரமே மேனேஜர் ஹேமநாத்தைக் கூப்பிட்டு, இனி எந்த கம்ப்யூட்டரிலும் அப்படி ஒன்று ஓடாதபடி பார்த்துக்கொள் என்றார். எந்தெந்த வழியாக அது வெளியே போகும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? ஒன்றுவிடாமல் அடைத்துவிட்டு, முடிந்தது சார் என்று போய்ச் சொன்னான்.