மார்ச் பாஸ்ட்டில் என் மகள்

அந்த வருடம் எங்கள் வீட்டில் மார்ச் என்றால் பத்தாம் வகுப்புப் பரீட்சை. என் ஆபீஸில் மார்ச் என்றால் கணக்கு முடிப்பு. செத்தாலும் லீவு கிடையாது. பக்கத்து வீட்டு ரயில்வே தொழிலாளிக்கோ, கொடி பிடித்துக் கோஷம் போட்டுக்கொண்டு போவதுதான் மார்ச். என் மகளின் பள்ளி டிரில் மாஸ்டருக்கு, பிள்ளைகளை வெயிலில் கை வீசி நடக்கவைப்பது. நான் மறக்காதது அவருடைய மார்ச்தான்.

வரிசையில் நடக்கச் சொன்னால் என் மகளுக்கு இடது காலோடு இடது கையும் சேர்ந்து போகும். பதற்றம். என்னிடமிருந்து வந்தது. விளையாட்டு விழாவன்று, பெற்றோரெல்லாம் பந்தலில் உட்கார்ந்திருக்க, அவர் அவளைத் தனியாக இழுத்து நிறுத்தினார். ஒரு காலில் பனை ஓலையும் மறு காலில் கந்தல் துணியும் கட்டினார். மைக்கில் "ஓலைக்கால்! சீலைக்கால்!" என்று கத்தி மைதானத்தைச் சுற்றவைத்தார். அந்தக் காலப் பட்டாளத்தில் இடம் வலம் தெரியாதவர்களை இப்படித்தான் பழக்கினார்களாம். பந்தலே சிரித்தது. நான் ஓடிப்போய் ஓலையை அவிழ்த்தேன்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. பரீட்சையும் அங்கேதான். "அந்த கேட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேம்ப்பா" என்றாள். தலைமையாசிரியர், "மார்ச் முடியட்டும் சார், பேசிக்கலாம்" என்றார்.

எனக்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. அந்த டிரில் மாஸ்டர் தன் சொந்த ஜனங்கள் முன்னால் கூனிக்குறுக வேண்டும்.

மாசிக் கடைசி ஞாயிறு, பூச்சொரிதலுக்கு அவருடைய தெருவே சமயபுரத்துக்கு நடந்து போகும். முன்னால் விசில் ஊதி நடத்திப் போவது அவர்தான். கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம் காத்திருந்தேன். மேளம் நெருங்கியது. முன்னால் அவர், மஞ்சள் வேட்டி, தலையில் பூத்தட்டு. நடுரோட்டில் போய் நின்றேன்.

"என் பொண்ணு கால்ல என்ன கட்டினீங்க? உங்க தெருக்காரங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க சார்."

"வழி விடுங்க. சாமி காரியம்."

"சொன்னா விடறேன்."

மேளம் நின்றுவிட்டது. பின்னால் வந்த அவர் மனைவி கேட்டார்: "என்னங்க கட்டினீங்க?"

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சார். அன்னிக்கு மைக்குல கத்துனீங்களே."

சொன்னார். வரிசையில் ஒரு பெண், "வயசுக்கு வந்த புள்ளையவா? இவர் தூக்குற பூவை ஆத்தா எப்படிங்க வாங்கிக்குவா?" என்றாள். மனைவி அவர் தலையிலிருந்து தட்டை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "அந்தப் புள்ளைகிட்ட சொல்லிட்டு வாங்க. நாங்க நடக்கறோம்."

அந்த நிமிஷம் அவர் முகம் போன போக்கு! இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலில் நின்று, "தப்புதாம்மா" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்க எதுக்கு சார் சொல்றீங்க? அங்கதானே பண்ணீங்க. அங்க சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை பிரேயரில் சொன்னார். தோழிகள் வந்து சொன்ன பிறகுதான் அவள் நம்பினாள்.

பரீட்சையன்று அவளே கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். நான் ஆபீஸுக்குப் போகவில்லை. கம்பி வழியாகப் பார்த்தால், வராந்தாவில் அவர் உலாத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதவில்லை. அவள் எழுதி முடித்து வெளியே வரும்வரை அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன்.