பெர்மனன்ட் என்று நம்பிய சின்னம்மா

என் சின்னம்மா சரோஜாதேவி யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். தற்காலிகமாகச் சேர்ந்து, பல வருடங்கள் காத்திருந்து, பிறகுதான் 'பெர்மனன்ட்' ஆனார். அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகச் சொல்லவே மாட்டார், குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். பெர்மனன்ட் ஆகிவிட்டால் யாரும் அசைக்க முடியாதாம். அவருடன் வேலை செய்த ஒருவர் சம்பளமில்லாத லீவில் கணவரோடு நைஜீரியாவுக்குப் போய், வருடக்கணக்கில் இருந்துவிட்டு வந்து, தன் பழைய கதிரையிலேயே உட்கார்ந்தாராம்.

1991இல் குணரத்தினம் சித்தப்பாவோடும் சின்னப் பையனாக இருந்த மகன் தனோஜனோடும் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்தபோது, சின்னம்மாவின் கையில் கிடைத்ததும் பெர்மனன்ட்தான். பெர்மனன்ட் ரெசிடென்ஸ், சுருக்கமாகப் பி.ஆர், நிரந்தர வதிவுரிமை. இனி ஒரு கவலையும் இல்லை என்று என் அம்மாவிடம் சொன்னார். பாபகூராவில் வீடு எடுத்தார்கள். சின்னம்மா ரயிலில் போய் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார்.

1994 தொடக்கத்தில் சித்தப்பாவின் தகப்பனாருக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் அசையாமல் போனது. யாராவது போக வேண்டும். வேலையை விட முடியாது என்றார் சித்தப்பா. பையனுக்குப் பள்ளிக்கூடம். எனவே மருமகள்தான் போக வேண்டும் என்று ஆனது. குடியுரிமை கேட்பதற்கு வேண்டிய மூன்று வருடம் முடியச் சில மாதங்களே இருந்தன. அது முடிந்து போகட்டுமா என்று சின்னம்மா கேட்டார்.

"அதுவரைக்கும் அப்பா உயிரோட இருப்பாரோ?"

"அப்ப என்ர பி.ஆர்? கனநாள் நிண்டிட்டா பிரச்சினை வராதோ?"

சித்தப்பா சிரித்தார். "பெர்மனன்ட் எண்டா என்ன எண்டு கச்சேரியில இருந்த உமக்கு நான் சொல்லித் தரவேணுமே? லீவில போறீர் எண்டு நினையும்."

சின்னம்மாவும் சிரித்துவிட்டார். அவருக்கு விளங்கும் மொழியில் அவர் கணவர் சொன்ன பதில் அது. அதற்கு மேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்த நாட்டில் அந்தச் சொல்லின் கதை வேறு. ரெசிடென்ஸ் உள்ளவர் வெளிநாடு போனால், திரும்பி வருவதற்கென்று ஒரு விசா பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. வெளியில் இருக்கும்போது அந்தத் திகதி கடந்தால் ரெசிடென்ஸும் போய்விடும்.

மாமனார் மூன்று வருடத்துக்கு மேல் கிடந்தார். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டது சின்னம்மா. இடையில் பாஸ்போர்ட் முடிந்து புதியது எடுத்தபோது, பழையதிலுள்ள விசாவுக்கும் ஏதாவது செய்ய வேணுமா என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "பாஸ்போர்ட்தான் பழசாகும், பி.ஆர் பழசாகாது" என்றாராம் சித்தப்பா.

1997இல் கிழவர் இறந்தார். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடித்து டிக்கெட் எடுக்கப் போன இடத்தில், டிராவல்ஸ் பெடியன் பழைய பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இது எப்பவோ முடிஞ்சுபோச்சு."

சித்தப்பாவுக்கு அழைத்தார். "அப்பிடியே? சட்டத்தை மாத்திப்போட்டாங்கள்போல" என்றார் அவர்.

கடைசியில் சின்னம்மா தன் சொந்த வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்தார். இதற்குள் சித்தப்பாவும் தனோஜனும் நியூசிலாந்துக் குடிமக்கள் ஆகியிருந்தார்கள். குடிமகனின் மனைவி என்று புதிதாக விண்ணப்பிக்கலாம், பழைய உரிமை ஏன் கைவிட்டுப் போனது என்ற விளக்கமும் தர வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதை எழுத உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் ஒக்லாந்திலேயே எங்கள் வீடிருந்த லின்ஃபீல்டிலிருந்து போயிருந்தோம். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தை முடித்திருந்தேன்.

எழுதியதைச் சித்தப்பா சத்தமாக வாசித்தார். இப்படி ஒரு விசா புதுப்பிக்க வேண்டும் என்பது கணவன் மனைவி இருவருக்குமே தெரியாது என்று அதில் இருந்தது.

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த தனோஜன் திரும்பினான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். "நோ, டாட். நாங்கள் சிட்னி போக முதல் எங்களுடையதைப் புதுப்பித்தோமே. கியூவில் நின்றோம். நீங்கள் எனக்குத் தின்ன ஒரு மீட் பை வாங்கித் தந்தீர்கள்" என்றான். தகப்பனுக்கு உதவி செய்வதாகத்தான் அவன் நினைத்தான்.

சின்னம்மா அவனைப் பார்த்து, "எப்ப, அப்பன்?" என்று கேட்டார்.

அவன் ஆண்டையும் மாதத்தையும் சொன்னான். அந்த நேரத்தில் சின்னம்மாவின் விசா இன்னும் முடிந்திருக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குத் தெரியும்."

"சொன்னா நீர் ஓடி வந்திருப்பீர். அப்பாவை ஆர் பாத்திருப்பினம்?"

"ஓடி வந்திருப்பன் எண்டு ஆர் சொன்னது? திகதியைச் சொல்லியிருந்தா விசாவைப் புதுப்பிச்சுக்கொண்டு அங்கயே நிண்டிருப்பன். என்னை ஒருக்காக் கேட்டனீங்களோ?"

சித்தப்பா பேனையை மூடித் திறந்து மூடினார்.

என் அம்மா எழும்பினார். "சரோ, உடுப்பை எடு. எங்களோட வா."

"வந்தா எனக்கு ஆர் ஸ்பொன்சர், அக்கா? மூண்டு வருசம் பெடியன் தாயில்லாமல் வளந்திட்டான். திரும்பவும் விட்டிட்டுப் போகச் சொல்றியே?"

எனக்கு அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பறித்தவரே கையெழுத்துப் போட்டால்தான் பறிபோனது திரும்பக் கிடைக்கும். இது என்ன நியாயம்? ஆனால் சின்னம்மா அழவில்லை. 'இருவருக்குமே' என்ற சொல்லை வெட்டச் சொன்னார். மனைவிக்குத் தெரியாது என்று மட்டும் எழுதுவித்தார். பிறகு போய் எங்களுக்குத் தேத்தண்ணி போட்டார்.

சில மாதங்கள் அந்த வீட்டில் தனோஜனின் அறையில் பாய் விரித்துப் படுத்தார். சமைத்தார். கணவரோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். நேர்முகத்துக்கு இருவரும் ஒன்றாகப் போனார்கள். அது உண்மையான திருமணம்தானா என்று அதிகாரி தனித்தனியே கேட்டாராம். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தார் சின்னம்மா. ரெசிடென்ஸ் கிடைத்தது.

அந்தக் கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் குடும்ப நண்பர் சதாசிவம் அங்கிள் சித்தப்பாவின் முதுகில் தட்டினார். "குணம், மனிசியை மீட்டெடுத்துப்போட்டீர்! எங்கட ஆக்களில ஆர் இப்பிடி அலைவான்?" சித்தப்பா வெட்கப்படுவதுபோலச் சிரித்தார். சின்னம்மா ஒரு தட்டில் கேக் வாங்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அதிகாரியிட்டப் பொய்தானே சொன்னனீ?"

"பொய்யில்லை அக்கா. உண்மையான கலியாணமோ எண்டுதான் கேட்டவை. நல்ல கலியாணமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

இரண்டு வருடம் கழிந்து இப்போதும் சின்னம்மா பாபகூராவில்தான் இருக்கிறார், அதே அறையில். தொழிற்சாலையில் திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். அவர் பாஸ்போர்ட் முன்பு சித்தப்பாவின் அலுமாரியில் இருந்தது. இப்போது வேலைக்குப் போகும்போதும் கைப்பைக்குள் வைத்திருக்கிறார். மெல்பேர்னில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், டிக்கெட் போடப் பாஸ்போர்ட்டைத் தாரும் என்று சித்தப்பா போன மாதம் கேட்டிருக்கிறார்.

"நீங்கள் போங்கோ" என்று சொல்லிவிட்டு, சின்னம்மா ரயிலுக்கு நடந்திருக்கிறார்.