எதிர்மாடியில் உதகை

பொம்மையார்பாளையத்துக் கடற்கரை விடுதியின் மாடியில் எனக்கு அடுத்த அறையில் தங்கியிருந்தவர், சித்திரை வெயிலிலும் கம்பளிக் குல்லாய் அணிந்திருந்தார். மீசை நுனியில் வியர்வை சொட்டியது. கைபேசியில் காணொளி அழைப்பு வரும்போதெல்லாம் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு, வெள்ளைச் சுவரோரம் நின்று, குளிரில் நடுங்கும் முகத்தைக் காட்டிப் பேசுவார்.

காரணம் கேட்டேன். தெருவின் எதிரே இருந்த ஓட்டு வீட்டைச் சுட்டிக் காட்டினார்.

"அதாங்க நம்ம வூடு. ஒரே பேஜாரு சார். ஊட்டிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்து, நாலு நாளா நிம்மதியா படுத்துக்கினு இருக்கேன். ஐயோ, குனிஞ்சிக்கோங்க, வெளிய வருது!"

நான் ஒளிய வேண்டிய காரணம் ஏதுமில்லை, ஆயினும் குனிந்தேன். அவர் மனைவி வாசலில் கருவாட்டைப் பரப்பிவிட்டு உள்ளே சென்றார். உடனே ஒரு காகம் இறங்கியது, பின்னர் நான்கு. அவர் பல்லைக் கடித்துப் பொறுத்தார். பெரிய துண்டொன்று வானில் எழவே, தாமும் எழுந்துவிட்டார்.

"ஏய்! காக்கா தூக்கிக்கினு போவுது பாரு!"

அந்த அம்மையார் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யோவ், ஊட்டியிலேருந்து பாத்தா நம்ம கருவாடு தெரியுதா?"

அவர் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பஸ்ஸு நாளைக்குத்தான். கொழம்பு இருந்தா குடுத்தனுப்பு."

குழம்பு வந்தது. மறுநாள் பேருந்து வரும் நேரம்வரை அவர் மாடியை விட்டு இறங்கவில்லை. பயணத்தில் அத்தகைய உறுதியை நான் வேறெவரிடமும் கண்டதில்லை.