‘எப்போதிலிருந்து’ என்ற கட்டம்

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் கேஸ் ஏஜென்சிக்குப் போன் செய்து என் நுகர்வோர் எண்ணைச் சொன்னேன். ஐந்து வந்தது, இரண்டு வந்தது, ஏழு வரவில்லை. வாய் அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மறுமுனையில் இருந்த பெண் தெலுங்கில், “சார், லைன் சரியில்லை” என்று வைத்துவிட்டாள். லைன் சரியாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. மெட்டுகுடாவில் பிறந்து, மல்காஜ்கிரியில் வீடு கட்டி, இடையில் முப்பத்து மூன்று வருடம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்தவன். தொழிலாளர்களின் மருத்துவ பில்கள் என் மேஜையைத் தாண்டித்தான் பணமாகும். பில்லோடு வரும் டாக்டரின் குறிப்பில் நான் முதலில் தேடுவது நோயின் பெயரை அல்ல, ‘எப்போதிலிருந்து’ என்ற கட்டத்தை. நோய் பாலிசிக்கு முந்தியதா பிந்தியதா என்று அந்த ஒரு கட்டம் சொல்லிவிடும். மற்றதெல்லாம் இலக்கியம்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், இங்கேயே நிறுத்திவிட்டுத் தொண்டை டாக்டரிடம் போங்கள். போய்விட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

நான் போகவில்லை. முதல் இரண்டு வாரம் தீபாவளிப் பலகாரத்தின் மேல் பழியைப் போட்டேன். அதற்குள் எங்கள் ஒரே மகள் நித்யா மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாள். அந்த வருடம் கம்பெனிகள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. தானாக மாறியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். டிசம்பர் முதல் தேதி புது வேலையில் சேர்ந்தாள். என்னையும் என் மனைவி கமலாவையும் அந்தக் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் சேர்த்தாள். மாமனார் மாமியாரைச் சேர்க்கலாம், அல்லது பெற்றோரைச் சேர்க்கலாம், இரு தரப்பையும் சேர்க்க முடியாது என்றது படிவம். எங்களைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு அவள் புகுந்த வீட்டில் என்ன விலை கொடுத்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

என் மூளை பழைய மேஜைக்குப் போய் உட்கார்ந்தது. புதுப் பாலிசி. முதல் முப்பது நாள் எந்த நோய்க்கும் பணம் கிடையாது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்கு வருடக்கணக்கில் கிடையாது. எனவே டிசம்பர் முழுக்க வெந்நீரைக் கொப்பளித்துக்கொண்டு காத்திருந்தேன். ஜனவரி பாதியில் தார்நாகாவில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன்.

இளைஞர். தெலுங்குக்காரர். பேனாவைத் திறந்துகொண்டு, “எப்போதிலிருந்து சார்?” என்றார்.

“பத்து நாளாக.”

சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டார். எனக்குக் குமட்டியது. இரண்டாம் முறையும் குமட்டியது. “மூன்று வாரம் தாண்டியிருந்தால் இன்றைக்கே குழாய் விட்டுப் பார்த்திருப்பேன். பத்து நாள்தானே. சளியாக இருக்கும். பேச்சைக் குறையுங்கள், ஆவி பிடியுங்கள், மூன்று வாரம் கழித்து வாருங்கள்” என்றார். குறிப்பில் பத்து நாள் என்று எழுதினார். அந்த எண்ணை நான் தலைகீழாகப் படித்துத் திருப்தியடைந்தேன். முப்பத்து மூன்று வருடத்தில் அவ்வளவு சுத்தமான குறிப்பு என் மேஜைக்கு வந்ததில்லை.

மூன்று வாரம் ஊமையாக இருந்தேன். உட்கார முடியவில்லை. மாடிக்குப் போவதும் இறங்குவதுமாக இருந்தேன். பேச்சு இல்லாவிட்டால் நான் என்ன ஆள் என்று எனக்கே தெரியவில்லை. “வீடு அமைதியா இருக்கு, பயமாவும் இருக்கு” என்றாள் கமலா.

பிப்ரவரியில் அவளும் கூட வந்தாள். இந்த முறை மூக்கு வழியாக மெல்லிய குழாய் போயிற்று (நுனியில் கேமரா வைத்த குழாய், குரல் நாண்களைத் திரையில் காட்டும்). இடது நாணின் மேல் வெள்ளையாக, தோசைக் கல்லில் ஒட்டிக்கொண்ட மாவுபோல ஏதோ இருந்தது. “சிகரெட்?” என்றார். ஓய்வு பெற்ற அன்று விட்டேன் என்றேன். அதுவரை எத்தனை என்று அவர் கேட்கவில்லை.

“சார், இது ஒரு மாதத்தில் வருகிற விஷயம் இல்லை. சரியாகச் சொல்லுங்கள், எப்போதிலிருந்து?”

நான் வாயைத் திறப்பதற்குள் கமலா சொன்னாள். “தீபாவளிக்கு மொத நாள்லருந்து டாக்டர். முறுக்கு, முறுக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. பழைய வரியை அடித்துவிட்டு ‘மூன்று மாதத்துக்கு மேல்’ என்று எழுதினார். அந்தப் பேனா நகர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு நோயைப் பற்றிய பயம் வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பில் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் கமலாவிடம், “இரண்டு வார்த்தையில் பாலிசியைக் காலி பண்ணிவிட்டாய்” என்று கரகரத்தேன்.

“உங்க ரூல்ஸெல்லாம் இனிமே நக்கோ, வேணவே வேணாம். வாயை மூடிட்டு வாங்க, டாக்டரே அதைத்தான் சொல்லியிருக்காரு” என்றாள். தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை குளிர்ந்திருந்தது.

பயாப்ஸியில் (திசுவைத் துளி கிள்ளி எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்று வந்தது. ஆரம்ப நிலைதான், ஆனால் நாண் முழுதும் பரவியிருந்தது. புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு மூத்த டாக்டர், ஜனவரியில் பார்த்திருந்தால் ஒரே நாள் லேசரில் முடித்திருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம் என்றார். இப்போது கதிர்வீச்சு. இருபத்தெட்டு அமர்வு. உடனே தொடங்குவது நல்லது.

உடனே தொடங்கவில்லை. காப்பீட்டுக்காரர்கள் முன்அனுமதியை (பணம் கட்டாமல் சிகிச்சை தொடங்க அவர்கள் தரும் ஒப்புதல்) நிராகரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நிராகரிப்புக் கடிதத்தின் வாசகம்கூடத் தெரியும். அதைப் போல எத்தனையோ கடிதங்களுக்கு நான் வரைவு எழுதியிருக்கிறேன். எனவே விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே, இன்னும் வராத நிராகரிப்புக்கு எதிராக ஒரு மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். பலகாரத்தால் வந்த கம்மல் வேறு, பின்னால் வந்த நோய் வேறு என்று மூன்று பக்கம். எழுதுவதும் கிழிப்பதும் எழுந்து நடப்பதுமாகப் பதினெட்டு நாள் ஓடியது. விண்ணப்பம் போய்விட்டதா என்று நித்யா போனில் கேட்டபோதெல்லாம், நடைமுறை போய்க்கொண்டிருக்கிறது என்று கமலாவைச் சொல்லவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்தாள். மேஜையில் இருந்த மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தாள்.

“அப்பா, இது எதுக்கு?”

“முன்பே இருந்த நோய்...”

“அந்த கண்டிஷனே எங்க பாலிசில கிடையாதுப்பா. மொத நாள்லருந்து எல்லாம் கவர். முப்பது நாள் வெயிட்டிங்கும் இல்ல. குரூப் பாலிசில இப்ப யாரும் அதை வைக்கிறதில்ல. டிசம்பர்ல உங்களுக்கு மெயில் பண்ணேனே, அந்த ஃபைலைத் திறந்தீங்களா?”

திறக்கவில்லை. அதை அச்சடித்து, துளை போட்டு, கோப்பில் சேர்த்து, வெளியே ‘மருத்துவம் – நித்யா’ என்று எழுதி வைத்திருந்தேன். படிக்கவில்லை. தெரிந்த விஷயத்தை எதற்குப் படிப்பது?

“பத்து நாள்னு டாக்டர்கிட்ட சொன்னது இதுக்காகவா?” என்றாள். டாக்டர் பேச வேண்டாம் என்று சொல்லியிருப்பது சில சமயம் வசதி. அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அனுமதி இரண்டே நாளில் வந்தது. பிறகு பல் பரிசோதனை, முகமூடி தயாரிப்பு (வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தட்டை முகத்தின் மேல் அழுத்திச் செய்வது, தலை அசையாமல் இருக்க). மார்ச் பாதியில் சிகிச்சை தொடங்கியது. முகமூடியை மேஜையோடு சேர்த்துத் திருகுவார்கள். சில நிமிடம்தான். ஆனால் எச்சில் விழுங்கும் ஆசை சரியாக அப்போதுதான் வரும். கதவு மூடும் சத்தம், இயந்திரம் முனகும் சத்தம். நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

உகாதி விடுமுறை போக, பதினோராவது அமர்வு மார்ச் முப்பத்தொன்றில் வந்தது. மறுநாள் நித்யாவின் கம்பெனியில் புதுப் பாலிசி வருடம். பெற்றோருக்கான காப்பீட்டுக் கோரிக்கைகள் உயர்ந்துகொண்டே போவதால், இனி அந்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை ஊழியரே ஏற்க வேண்டும் என்று மெயில் வந்திருந்தது. மீதிப் பதினேழு அமர்வும் அதில் மாட்டிக்கொண்டன. பதினெட்டு நாள் மேல்முறையீடு எழுதாமல் இருந்திருந்தால் நாலைந்துதான் மாட்டியிருக்கும்.

கம்பெனியைத் திட்டலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, பிரீமியம் ஏறியபோது, பெற்றோரைக் காப்பீட்டிலிருந்து நீக்கலாம் என்று எங்கள் நிர்வாகத்துக்குக் குறிப்பு எழுதியவன் நான்தான். ‘ஊழியரைக் காப்பது கடமை, ஊழியரின் பெற்றோரைக் காப்பது தாராளம்’ என்று ஒரு வரி. நிர்வாக இயக்குநர் அதன் கீழே பச்சை மையில் கோடு போட்டுப் பாராட்டினார். பிறகு கடைசல் (லேத்) பிரிவில் ஒருவர், தன் தாயாரின் கண் அறுவைக்கான பில்லோடு என் முன் வந்து நின்றார். அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். சரி சார் என்று போய்விட்டார். அவர் பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறேன். வரவில்லை.

நித்யாவிடம் ஒரு தாளில், ‘உன் பங்கை நான் கொடுக்கிறேன்’ என்று எழுதிக் காட்டினேன்.

“விடுங்கப்பா. எங்க டீம்ல எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரிலதான் இருக்காங்க” என்றாள். பிறகு, “இனிமே எங்கிட்டயாவது தேதியைச் சரியா சொல்லுங்க” என்றாள்.

சிகிச்சையின் நான்காவது வாரம் கழுத்து கறுத்து, ரசம்கூட எரிந்தது. ஆறாவது வாரம் முடிந்தது. இரண்டு மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்ததில் வெள்ளை இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார்கள். பாலிசி வருடம், நிதி வருடம் என்று ஆண்டுகளாகவே யோசித்துப் பழகிய எனக்கு இப்போது காலம் இரண்டு மாதத் துண்டுகளாக வருகிறது. துண்டின் கடைசி வாரத்தில் மாடிப்படிகளை மறுபடி ஏறி இறங்குகிறேன்.

குரல் திரும்பியது, என்னுடையது அல்ல. வேறு யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருக்கிறது. கேஸ் ஏஜென்சியில் ஏழு கேட்கிறது.

குரல் பயிற்சியாளர் ஒன்று சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் ஒரே மூச்சில் ‘ஈ’ என்று இழுத்து, எத்தனை வினாடி என்று குறித்து வர வேண்டும். கடிகாரம் கமலா கையில். என் கையில் கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கிறது. இன்று காலை இழுத்து முடித்தேன்.

“பதிமூணு” என்றாள்.

“பதினாலு இருக்கும்.”

“நேத்து பதினாலு. இன்னைக்குப் பதிமூணு.”

நோட்டைத் திறந்து தேதியைப் போட்டேன். பக்கத்தில் பதின்மூன்று என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.